கம்ப்யூட்டருக்குள் ஓடிய மாவு மில்

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் வைண்டிங் கடை போட்ட நாளிலிருந்து, ஒரு மோட்டாரைத் திறந்து பார்த்து நான் குறை சொன்னதே கிடையாது. ஓட விடச் சொல்வேன். தலையைச் சாய்த்துக் கேட்பேன். பின்பக்க பேரிங் போயிருக்கிறது, காயிலில் ஒரு சுற்று ஒட்டிக்கொண்டது, தண்டு சுற்றுகிற வளையமான புஷ் தேய்ந்துவிட்டது என்று ஓடும்போதே சொல்லிவிடுவேன். அப்புறம்தான் ஸ்பேனர் எடுப்பது. திறந்தால் நான் சொன்னதுதான் உள்ளே இருக்கும். எடுத்ததும் திறந்து பார்க்கிறவனைக் கற்றுக்குட்டி என்பேன்.

அந்தக் காது ஒரு தடவை ஏமாந்தது. காது ஏமாந்ததில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. அதற்குப் பிறகு என் வாய் செய்த வேலைதான் இத்தனை வருஷம் கழித்தும் சோற்றில் கல் மாதிரி அகப்படுகிறது.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எண்பதுகளின் கடைசியில், தகரக் கொட்டகையில், ஒரு வைஸும் ஒரு சுற்று மெஷினும் வைத்துத் தொடங்கிய கடை. அப்போது சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றி ஆழ்துளை போட ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடி ஓடி மோட்டார்கள் எரியும். கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் காலையில் மோட்டாரை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தால் சாயந்திரம் சுற்றி, வார்னிஷ் ஏற்றிக் கொடுத்துவிடுவேன். பத்து வருஷத்தில் கொட்டகை கட்டடமானது. கட்டடத்துக்கு மேல்மாடி வந்தது. எல்லாம் இந்த இரண்டு கையும் அந்தக் காதும் சம்பாதித்தது.

மேல்மாடியில் கல்யாண வீடியோ மிக்ஸிங் போட்டேன். கல்யாணங்களுக்கு ஜெனரேட்டரும் லைட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்ததால் வீடியோக்காரர்கள் எல்லாரும் பழக்கம். எடுத்த கேசட்டை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்க அவர்கள் மெட்ராஸுக்கு ஓடுவதைப் பார்த்து, அதை இங்கேயே செய்தால் என்ன என்று தோன்றியது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். வேலூரில் கம்ப்யூட்டர் விற்கிற ஒருவரிடம் சொல்லி நல்லதாகவே வாங்கினேன். படத்தை ஓட்டுவதற்கென்று தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டது. கார்டு என்றால் ஒரு பச்சைப் பலகை, அதில் அலுமினியத் தகடு, தகட்டின் மேல் எலுமிச்சம்பழ அகலத்துக்கு ஒரு குட்டி ஃபேன். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள் உயர மோட்டாரைச் சுற்றியவன் வீட்டில் இப்படி ஒரு பொம்மை.

எனக்குக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியாது. அதை ஓட்டியது கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் படித்தவர். வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். இவர் வேலையில்தான் குடும்பம் நடந்தது. அப்போது நான் வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அப்படி எழுதக் கை கூசுகிறது. அந்த அம்மா என்றே எழுதுகிறேன்.

அந்த அம்மா செய்த படங்களுக்கு ஊரில் நல்ல பேர். அண்ணாமலையார் மலைக்கு மேலே நிலா எழும்பும், நிலாவுக்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிப்பார்கள். இதற்காகவே போளூரிலிருந்தெல்லாம் கேசட் வந்தது. படத்தின் தொடக்கத்தில் ஒரு குரல், இந்த இல்லத் திருமண விழாவுக்கு வருக வருக என்று வரவேற்கும். அந்தக் குரல் என்னுடையது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து நானே பேசுவேன். என் குரலுக்கு வேறு ஆள் எதற்கு.

அந்த வருஷம் ஆவணியில் முகூர்த்தங்கள் ஜாஸ்தி. புரட்டாசி முழுக்க மிக்ஸிங் வேலை இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் வழக்கம் போல எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கடையைக் கழுவினோம். மேலே அந்த அம்மா தன் பங்கைச் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவு சூடு தாங்காமல் எப்போதும் கழற்றியே இருக்கும், அதனால் உள்ளே தூசி அடையும். அதற்கென்று மெத்தென்ற பெயிண்ட் பிரஷ் ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி வைத்திருந்தார். மத்தியானம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்து சொன்னார்.

"ஐயா, உள்ள எல்லாம் தட்டிச் சுத்தம் பண்ணிட்டேங்க. ஒரு தரம் ஓட்டிப் பாத்துட்டு ஆஃப் பண்ணிட்டேன். நல்லா ஓடுது."

நான் தலையாட்டினேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் வார்னிஷ் டப்பா இருந்தது.

மறுநாள் பூஜை. அந்த அம்மா வரவில்லை, அவர் வீட்டிலும் பூஜை இருந்தது. பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று எல்லாம் குறைவில்லாமல் செய்தேன். என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுகிற எதுவாக இருந்தாலும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் நான்தான் வைப்பேன். வேலையாட்கள் கை படக் கூடாது. சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் யார் வேண்டுமானாலும் வைக்கட்டும், மோட்டாருக்கு மேஸ்திரி கை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே முழுக்க வைத்து முடித்து, மேல்மாடிக்கும் ஏறிப் போய் வைத்துவிட்டு இறங்கினேன்.

விஜயதசமி அன்று கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தச் சத்தம் வந்தது. வெறும் சத்தம் இல்லை, ஒரு நடுக்கம். தகர டப்பாவில் வண்டை அடைத்தது போல மேஜை வரை அதிர்ந்தது. அந்த அம்மா கூப்பிட்டார், போய்க் கேட்டேன். பூஜைக்கு நிறுத்தி வைத்த மெஷின், நாலு நாள் ஓடினால் சரியாகிவிடும் என்றேன். அன்றைக்கே மைக்கை வைத்து, ஒரு கடலை மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருக வருக என்று பேசி முடித்தேன்.

ஒரு வாரத்தில் மண்டிக்காரர் சிடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். கீழே அப்போது என் வேலையாட்கள் இரண்டு பேரும், ஜெனரேட்டர் கேட்டு வந்த ஒரு ஸ்டுடியோக்காரரும் இருந்தார்கள். மண்டிக்காரர் உட்காரக்கூட இல்லை.

"மேஸ்திரி, என் பொண்ணு கல்யாணத்த எந்த மாவு மில்லுல நடத்தனீங்க?"

"என்னங்க சொல்றீங்க?"

"நீங்க வருக வருகன்றீங்க, பின்னாடி ஒருத்தன் மொளகா அரைக்கிறான். சம்பந்தி வூட்ல எல்லாரையும் ஒக்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். அவங்க தும்மாததுதான் பாக்கி."

ஸ்டுடியோக்காரர் சிரித்தார். என் ஆட்கள் குனிந்துகொண்டார்கள், தோள் குலுங்கியது. மோட்டார் சத்தத்தை நிறுத்துவதற்கென்றே ஊரில் பேர் வாங்கியவன் நான். என் குரலுக்குப் பின்னாலேயே மோட்டார் சத்தம். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அந்த அம்மாவைக் கீழே கூப்பிட்டேன்.

"பூஜைக்குத் தொடைக்கிறேன்னு உள்ள இன்னா பண்ணி வெச்ச?"

"பிரஷ்ஷாலதாங்க தட்டினேன். ரெக்கைய கையால கூடத் தொடல."

"ஈரத் துணி ஒண்ணு மாடிச் செவுத்துல காஞ்சுதே, அது?"

"அது மேஜை தொடச்சதுங்க. பொட்டியத் தொடச்சப்புறம் ஓட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே பஸ்ஸுக்குப் போனேன்."

சொல்லித்தான் போனார். வார்னிஷ் டப்பாவும் கையுமாக நான் தலையாட்டித்தான் இருந்தேன்.

"எங்கிட்ட நீ எதுவும் சொல்லல," என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். நான் விடவில்லை.

"மெஷின் தொடத் தெரியாதவங்களுக்கு மெஷின் எதுக்கு? வூட்டுக்குப் போய் அடுப்பத் தொடை. ஈரத் துணி அங்கதான் செல்லும்."

யாரோ சிரித்தார்கள். யாரென்று நான் பார்க்கவில்லை. அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தம் ஏறாமல் கேட்டார்.

"நாளைக்கு நான் வரணுமாங்க, வேணாமா?"

"அந்தச் சத்தம் நிக்கட்டும். நின்னா சொல்லி அனுப்பறேன்."

மேலே போய்ச் சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். பிரஷ் மேஜை மேலேயே இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அந்தக் குட்டி ஃபேனோடு என் சண்டை தொடங்கியது. கம்ப்யூட்டர் விற்ற வேலூர்க்காரர், பாக்கி வேலைகளை முடித்துக் கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் வந்தார். அவரிடம் கேட்டேன்.

"ஃபேன் தனியா வராது மேஸ்திரி. கார்டையே மாத்திடலாம்."

"ஊர் ஃபேனெல்லாம் எங்கிட்ட வருது. நான் ஒரு ஃபேனுக்காகக் கார்டு வாங்கணுமா?"

"அப்ப நீங்களே பாருங்க," என்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

காதை வைத்துக் கேட்டேன். புஷ் காய்ந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் எடுத்து, கார்டைக் கழற்றாமலே இடுக்கில் கையை விட்டு ஃபேனின் நடுவில் ஒரு சொட்டு விட்டேன். அரை மணி நேரம் கம்மியாக இருந்தது. அப்புறம் முன்னைவிட ஜாஸ்தி. சரி, அதிர்வுதான் மேஜையில் இறங்கிப் பெரிதாகிறது என்று, சைக்கிள் டியூப்பை வெட்டிப் பெட்டியின் நாலு காலுக்கும் அடியில் வைத்தேன். மேஜை அடங்கியது, பெட்டி அடங்கவில்லை. பிறகு தெர்மோகோலில் ஒரு கூடு செய்து, உள்ளே பழைய மெத்தைப் பஞ்சு ஒட்டி, பெட்டியை அதற்குள் இறக்கினேன். சத்தம் எங்கேயோ அடுத்த தெருவில் கேட்பது போல ஆகிவிட்டது. மார்பைத் தட்டிக்கொண்டு வேலூர்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு மணி நேரம் வேலை செய்தார்.

"மேஸ்திரி, மாப்பிள்ள மூஞ்சில பச்சைப் பச்சையா கட்டம் வருது."

"கேமராக்காரன் தப்பா எடுத்திருப்பான்."

"சூடுங்க. இப்படிப் போத்தி வெச்சா ஜுரம் வராம இன்னா வரும்?"

கூட்டைப் பிரித்தேன். அடுத்து என் தொழில் மூளையைப் பயன்படுத்தினேன். பழைய காலத்து சீலிங் ஃபேன் ரெகுலேட்டர்களுக்குள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். கரண்ட்டை அது கொஞ்சம் தடுக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். அதே மாதிரி சின்னதாக ஒரு ரெசிஸ்டன்ஸ் எடுத்து, ஃபேனுக்குப் போகிற ஒயரின் நடுவில் வைத்துப் பற்றவைத்தேன். மாவு மில் நின்று கொசு ஆனது. இப்போது வெற்றிதான் என்று கீழே இறங்கி டீ சொன்னேன். டீ வருவதற்குள் மேலேயிருந்து வேலூர்க்காரர் குரல் வந்தது.

"தாலி கட்டற எடத்துல படம் நின்னுடுச்சுங்க. மேளம் மட்டும் அடிச்சுக்கிட்டே கீது."

அலுமினியத் தகட்டில் விரல் வைத்தேன். தோசைக்கல். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த ஃபேன் ஓடுவது அந்தத் தகட்டைக் குளிர வைக்க. காற்றைக் கம்மி செய்து சத்தத்தைக் கம்மி செய்வது வைத்தியம் ஆகாது. காற்று அப்படியே இருக்க வேண்டும், சத்தம் மட்டும் போக வேண்டும். ரெசிஸ்டன்ஸை எடுத்துவிட்டேன். மாவு மில் மறுபடி ஓடியது.

"கழட்டிப் பாத்துடலாமே மேஸ்திரி," என்றார் வேலூர்க்காரர்.

"எனக்குக் கேட்டாவே தெரியும்."

"மூணு வாரமா கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்க."

அவர் ஊருக்குப் போன பிறகுதான் கழற்றினேன். அவர் முன்னால் கழற்ற மனம் வரவில்லை. அது ஒரு பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், கிராமத்து மோட்டார் எதுவும் வராது. ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டு, மத்தியான வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கார்டை வெளியே எடுத்தேன். ஃபேனை அதிலிருந்து பிரித்தேன். கறுப்புப் பிளாஸ்டிக், ஏழு இறக்கை.

ஒரு இறக்கையின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு பொருக்கு. சுண்டு விரல் நகம் அளவு. அதன் நடுவில் சிவப்பு.

சந்தனமும் குங்குமமும்.

இதுவாக இருக்கக் கூடாதே என்று நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஃபேனின் சுற்றுகிற பாகத்தைத் தனியாகப் பிடுங்கினேன். வைஸில் ஒரு பழைய தளர்ந்த புஷ்ஷைப் படுக்க வைத்து இறுக்கி, அதில் இதன் தண்டைச் செருகி, விரலால் லேசாகச் சுண்டினேன். எடை சரியாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். மூன்று தடவை சுண்டினேன். மூன்று தடவையும் பொட்டு வைத்த இறக்கைதான் அடியில் வந்து நின்றது.

என் கடைக்கு சீலிங் ஃபேன் வாங்கிப் போக வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "பூஜையன்னிக்கு ரெக்கையில பொட்டு வெக்காதீங்க, எடை மாறி ஆட்டம் குடுக்கும். நடு மண்டையில வைங்க." அவ்வளவு தெரிந்தவன், கதவில்லாத பெட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில், சுற்றுகிற எதையும் விடக் கூடாது என்று தடவிப் பார்த்துக் கட்டை விரலால் அப்பியிருக்கிறேன். வேறு யாருமில்லை. வேறு யார் கையும் படக் கூடாது என்பது என் சட்டமாயிற்றே.

மேஜை மேல் அந்த அம்மாவின் பிரஷ் கிடந்தது. அதைத் தின்னரில் நனைத்துத்தான் அந்தப் பொருக்கை எடுத்தேன். திரும்ப மாட்டிப் போட்டேன். ஃபேன் ஓடுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி. வெளியே மலை சுற்றப் போகிறவர்களின் காலடிச் சத்தம்கூட மேல்மாடி வரை கேட்டது.

சத்தம் நின்றால் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். சத்தம் நின்றுவிட்டது. நான் சொல்லி அனுப்பவில்லை.

மாறாக இதைச் செய்தேன். மறுநாள் மண்டிக்காரரை மேலே கூட்டிப் போய்க் காட்டினேன். ஸ்டுடியோக்காரரும் இருந்தார். மண்டிக்காரர் பெட்டிக்கு அருகே காதை வைத்துப் பார்த்து, "கில்லாடிதான் மேஸ்திரி நீங்க. எதுல வந்துச்சு சத்தம்?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சிரித்திருப்பார்கள், ஒரு மாதம் ஊரில் அதே பேச்சாக இருந்திருக்கும், அப்புறம் மறந்திருப்பார்கள். என் வாயில் வந்தது வேறு.

"ஈரத் துணி போட்டுத் தொடச்சதுல தண்ணி எறங்கி புஷ் புடிச்சுக்கிச்சு. ஊசி மொனை அளவுக்குப் புதுசா ஒரு புஷ் கடஞ்சு போட்டேன்."

"அந்தப் பொண்ணுக்குத் தொழில் தெரியும்னு சொன்னாங்களே," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"தொழில் தெரியும். கவனம்தான் கம்மி."

அந்த 'கம்மி' என்ற சொல்லை நான் நிதானமாக, பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஊரில் அன்றைக்கு மிக்ஸிங் செய்கிற இடங்களே நாலோ ஐந்தோதான். எல்லாரும் ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள்.

இரண்டு வாரம் போயிற்று. கீழே எந்த மோட்டார் ஓடினாலும் அதற்குள் எனக்கு அந்தப் பொருக்கு தெரிந்தது. ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். வீட்டில் கணவர் கட்டிலில் இருந்தார். மரியாதையாகப் பேசினார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கடலை உடைக்கிற களத்துக்கு வழி சொன்னார். அங்கே பத்துப் பெண்களோடு உட்கார்ந்து அந்த அம்மா விதைக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிலாவுக்குள் பொண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்த கை.

என்னைப் பார்த்ததும் எழுந்து ஓரமாக வந்தார்.

"சத்தம் நின்னுடுச்சுங்களா?"

"நின்னுடுச்சும்மா. நாளையிலேருந்து வந்துடு."

"நின்னு எத்தன நாளாச்சுங்க?"

"ஒரு பத்து பதினஞ்சு நாள் இருக்கும்."

அவர் கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டார்.

"தண்ணி எறங்கி புஷ் புடிச்சுக்கிச்சுன்னு சொன்னீங்களாம். ஸ்டுடியோக்காரர்கிட்ட வேலை கேட்டுப் போயிருந்தேன். அவர்தான் சொன்னாரு."

நான் வண்டிச் சாவியைக் கை மாற்றிக்கொண்டேன்.

"நான் தண்ணியே தொடலீங்க. அன்னிக்கு அங்க இருந்தவங்க முன்னாடி அத மட்டும் சொல்லிடுங்க. வேற எதுவும் நான் கேக்கல. சொன்னீங்கன்னா நாளைக்கே வரேன்."

"அது பழைய கதைம்மா. எதுக்குக் கெளறிக்கிட்டு."

"உங்களுக்குப் பழசுங்க. எனக்கு இன்னிக்கும் போற எடமெல்லாம் அதான் பேச்சு."

கூட இருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். என்ன யோசனை. வண்டியில் வரும்போது, வேலைக்குக் கூப்பிட்டும் வரவில்லை, திமிர் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பாதி வழியில் அதுவும் ஒட்டவில்லை.

ஒரு வருஷம். ஒரு முழு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. கார்த்திகை தீபம் வந்து போனது, தை முகூர்த்தம், ஆவணி முகூர்த்தம் எல்லாம் போயின. வேலூர்க்காரர் வந்து வந்து போனார். அந்த அம்மா களத்தில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார் என்று தெரியும். பஸ்ஸில் வருகிற விவசாயிகள் சொல்வார்கள், நான் கேட்காமலே.

அடுத்த ஆயுத பூஜைக்கு மண்டிக்காரரையும் ஸ்டுடியோக்காரரையும் அழைத்திருந்தேன். சூடம் காட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்தேன். கீழே முடித்து மேலே ஏறினேன். பின்னாலேயே பொரியைக் கொறித்துக்கொண்டு அவர்களும் என் ஆட்களும் வந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன். கட்டை விரலில் சந்தனம். விரல் போகவில்லை.

மண்டிக்காரர் சிரித்தார். "வைங்க மேஸ்திரி. அந்தப் பொண்ணு மாதிரி ஈரத் துணி போட்டுடாதீங்க."

"ஈரத் துணி இல்லைங்க," என்றேன். "இதான்."

கட்டை விரலை நீட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை.

"போன வருசம் ரெக்கையில பொட்டு வெச்சேன். எடை மாறிச்சு. அதான் சத்தம்."

மண்டிக்காரர் வாயில் பொரியோடு சிரித்தார். "மேஸ்திரி பொட்டு வெச்சா ஃபேன்கூட சாமி ஆடுது." என் ஆட்களும் சிரித்தார்கள். என் வாயிலிருந்து இத்தனை வருஷமாக வீரக் கதைகளையே கேட்டவர்கள். இதுவும் அதில் ஒன்று, கடைசியில் நான் ஜெயிப்பேன் என்று காத்திருந்தார்கள்.

ஸ்டுடியோக்காரர் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப தண்ணி எறங்குச்சுன்னீங்களே, அது?"

"பொய்."

"புஷ் கடஞ்சு போட்டது?"

"அதுவும்."

"வுடுங்க மேஸ்திரி, நல்ல நாளும் அதுவுமா," என்று மண்டிக்காரர் கீழே இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். ஸ்டுடியோக்காரர் படியில் நின்று திரும்பி, "அந்தம்மா எங்கிட்ட வந்து எவ்ளோ நேரம் நின்னுச்சு தெரியுமா?" என்றார். பதில் எதிர்பார்க்காமல் போய்விட்டார்.

அந்த அம்மா தை மாதத்திலிருந்து அவருடைய ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நான் சேர்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவருக்குப் போன ஒரு வருஷம் என்னால் போனது. கணவர் கட்டிலில் இருக்க, களத்து மண்ணில் உட்கார்ந்த வருஷம். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து என் கடை வழியாகத்தான் அவர் நடந்து போவார். அந்த நேரத்தில் நான் குனிந்து காயில் சுற்றுவேன்.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து ஒரு கோடையில், அந்த ஸ்டுடியோவின் டேபிள் ஃபேனை எடுத்துக்கொண்டு அவரே கடைக்கு வந்தார். மேஜை மேல் வைத்தார். நான் நிமிர்ந்தேன்.

"சத்தம் ஜாஸ்தியா வருதுங்க. முதலாளி குடுத்தனுப்பினாரு."

போட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை. அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"புஷ் தேஞ்சிருக்கும்மா," என்றேன்.

"நெசமாவாங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். கடையில் அன்றைக்கு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், யாருக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை. மேஸ்திரி கேட்டுச் சொன்னால் அது தீர்ப்பு என்று இருந்த கடையில், என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

ஸ்பேனர் எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே ஃபேனைப் பிரித்தேன். புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்து, துணியில் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன். பக்கத்தில் புதுசு ஒன்றும் வைத்தேன். அவர் இரண்டின் துளையிலும் சுண்டு விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். பழையதின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது.

"ஆமாங்க, தேஞ்சிருக்குது," என்றார்.

அன்றிலிருந்து எந்த மோட்டாரானாலும் திறந்து, கழற்றிய பாகத்தைக் கொண்டுவந்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறேன். வேலைக்கு நேரம் ஜாஸ்தியாகிறது. புதிதாக வருகிறவர்கள், மேஸ்திரிக்குக் காது போய்விட்டதோ என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.